வெங்காயத் தோல் மஞ்சள்

அத்தியாயம் 11

இனிமேல் சாயக் குப்பிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று போன வாரம் சுலைகா தன் மாமியார் முன்னால் தலையை ஆட்டினாளே, அந்த ஆட்டல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அவளைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கை சும்மா இருக்காத ஒருத்தியை மலைமேல் கொண்டுவந்து, பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் வீட்டில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்தால் அவள் வேறு என்னதான் செய்வாள்?

ஆயக்குடிக் கொய்யா வியாபாரியின் மகள் அவள். கொடைக்கானல் பஜாரில் காய்கறிக்கடை வைத்திருக்கும் முத்து முகம்மதுவின் மகன் ஜலீலைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். படம் வரைகிற கிறுக்கும் கூடவே ஏறி வந்துவிட்டது. மரம், செடி, மலை, மேகம் இவ்வளவுதான் வரைவாள். ஆடு மாடு, மனுஷர் யாரையும் வரைவதில்லை. ஆனாலும் மாமியார் ரஹ்மத் பீவிக்குப் படம் என்ற பேச்சே ஆகாது. கலர்ப்பெட்டி ஒன்று வாங்கலாமென்றால், எந்தக் கடையில் வாங்கினாலும் அவள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். பஜார் அப்படி.

அதனால்தான் குப்பையில் கைவைத்தாள்.

கடையில் மிஞ்சுவதும் அடுப்படியில் கழிவதும் பின்கட்டுக் குழிக்குப் போய், மக்கி, பட்டர்புரூட் மரங்களுக்கு எருவாகும். அந்தக் கூடையைச் சுலைகா பாதி வழியில் மறித்துக்கொள்வாள். வெங்காயச் சருகை வேகவைத்து ஒரு துண்டு படிகாரம் போட்டால் நல்ல மஞ்சள். மாதுளைத் தோலோடு துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டால் கறுப்பு. பட்டர்புரூட் கொட்டையைத் தட்டிப்போட்டால் செம்மண் நிறம். சுண்டவைத்து, துணியில் வடிகட்டி, கருவேலம்பிசின் கரைத்து, பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு கிராம்பையும் போட்டு, மாமனார் தீர்த்துப்போட்ட அத்தர் குப்பிகளில் ஊற்றி வைத்துவிடுவாள். பழக்கூடைகளில் வரும் வெள்ளைத்தாள்தான் அவளுக்குக் காகிதம்.

அந்தத் தாள்களைத்தான் போன வாரம் ரஹ்மத் பீவி அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து கட்டாக இழுத்துப் போட்டாள். "இன்னொரு தடவை இந்தக் கூத்து நடந்தா ஆயக்குடி பஸ்ஸுதான்" என்றாள். அப்போது நடுவில் வந்து விழுந்தவள் ஜலீலின் அக்கா ஜாஹிதா. "இனிமே அவ தொடமாட்டாம்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

பிள்ளைத்தாய்ச்சி வாயால் வந்த வார்த்தை. ரஹ்மத் பீவி அதற்குக் கட்டுப்பட்டாள்.

தாண்டிக்குடியில் வாழ்க்கைப்பட்ட ஜாஹிதாவுக்கு இது மூன்றாவது சூல். முதல் இரண்டும் தங்கவில்லை. ஜீப்பில் குலுங்கக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னபிறகு, அம்மா வீட்டிலேயே வந்து தங்கியிருக்கிறாள். வயிறு நன்றாகத் தெரிகிற மாதம். அவள் எழுந்தால் வீடே எழுந்து நிற்கும், உட்கார்ந்தால் வீடே உட்காரும்.

வியாழக்கிழமை காலையில் சுலைகாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுப்பில் குழம்பு. மனசெல்லாம் பின்சாய்ப்பு மாடத்தில்.

முந்தினநாள்தான் அவளுக்கு ஒரு புது யோசனை வந்திருந்தது. ஏரிக்கரைப் பாசியின் நிறம் எந்தக் குப்பையிலிருந்தும் கிடைக்கவில்லை. பச்சைக் கீரையை வேகவைத்தால் இரண்டே நாளில் பழுப்பாகிவிடும். மாமனார் கூக்கால் கிராமத்து உருளைக்கிழங்குக் காட்டுக்கு மருந்தடிக்க வைத்திருந்த மயில்துத்தத்தில் ஒரு சிட்டிகை கிள்ளி மஞ்சள் மையில் போட்டுப் பார்த்தால் என்ன?

போட்டுவிட்டாள். ஒரு குப்பி வெறும் மஞ்சள், இன்னொரு குப்பி துத்தம் போட்டது. குப்பிக்குள் இருக்கும்போது இரண்டும் ஒரே பழுப்பு மஞ்சள்தான். தாளில் தடவிக் காய்ந்த பிறகுதான் ஒன்று மஞ்சளாக நிற்கும், மற்றது பச்சையாக மாறும். எது எது என்று அடையாளம் வைக்கவேண்டுமென்று நினைத்தாள். அதற்குள் "ஏ சுலைகா, பால் பொங்குது" என்று மாமி கூப்பிட்டாள். மறந்தே போனாள்.

கூக்காலில் துத்தத் தண்ணீரைக் குடித்த வெள்ளாடு சுருண்டு விழுந்த கதையை முத்து முகம்மது சோறு தின்னும்போதெல்லாம் சொல்லுவார். அது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. அதனால்தான் குப்பிகளை அடுப்படியில் வைக்காமல், யார் கையும் படாத பின்சாய்ப்பில் வைத்திருந்தாள்.

குழம்பை இறக்கிவிட்டு ஒரு நிமிஷம் ஓடிப்போய்ப் பார்த்தாள். மாடத்தில் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது.

வீட்டு வேலைக்கு வரும் சோலையம்மாள் பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"சோலையம்மா, இங்கன மாடத்துல ரெண்டு குப்பி இருந்துச்சே?"

"ஆமா சின்னம்மா. ஒண்ணை நாந்தான் எடுத்தேன். வெள்ளனே அசரத்து வந்திருந்தாருல்ல? மாடத்துல அத்தர் குப்பியில குங்குமப்பூ கரைச்சது இருக்கு, எடுத்துட்டு வான்னு பெரியம்மா சொன்னாக. உள்மாடத்துல பாத்தேன், இருட்டுல ஒண்ணும் தட்டுப்படலை. இங்கன பாத்தா மஞ்சளா இருந்துச்சு. வாசமும் அடிச்சுச்சு. கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"என்ன சின்னம்மா, தெரியாத மாதிரி கேக்கிறீக? பெரிய பாப்பாவுக்குப் பீங்கான் எழுதத்தான்."

மிச்சமிருந்த குப்பியில் துத்தம் இருக்கிறதா இல்லையா என்று சுலைகா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்; வெறும் பழுப்பு மஞ்சள்தான் தெரிந்தது.

பீங்கான் எழுதுவது அந்த வீட்டில் பழக்கம்தான். பள்ளிவாசல் சம்சுல் ஆலம் அசரத்து ஓதி, வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் எழுதிக் கொடுப்பார். அதில் தண்ணீர் ஊற்றி எழுத்தைக் கரைத்து, பிள்ளைத்தாய்ச்சி குடிக்கவேண்டும். பிள்ளை தங்கும், பிரசவம் லேசாகும் என்பது நம்பிக்கை. வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு குடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டாராம். அத்தர் குப்பி, அத்தர் வாசனை, கிராம்பு வாசனை, மஞ்சள் நிறம். பாவம், அந்த மனிதர் எதைச் சந்தேகப்படுவார்? ரஹ்மத் பீவியோ அடுப்படியில் கசாயம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாளாம். குப்பியை அவள் பார்க்கவே இல்லை.

இப்போது நீங்களும் நானும் அங்கே இருந்தால் என்ன சொல்லுவோம்? நேரே போய்ச் சொல்லிவிடு பெண்ணே என்போம். சுலைகாவும் அதற்குத்தான் அடுப்படியைக் கடந்து போனாள்.

உள்ளறையில் ரஹ்மத் பீவி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து முக்காலியில் வெள்ளைத்துணி போட்டு மூடிய பீங்கான். எதிரே கட்டிலில் கால் நீட்டி ஜாஹிதா.

"வா சுலைகா" என்று ஜாஹிதா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "இங்கே கை வச்சுப் பாரு. காலையிலேருந்து ஒரே உதைதான்."

சுலைகா கைவைத்துப் பார்த்தாள். உள்ளே நிஜமாகவே உதை விழுந்தது.

"பயமா இருக்கு சுலைகா" என்றாள் ஜாஹிதா குரலைத் தாழ்த்தி. "போன ரெண்டு தடவையும் இந்த மாசம்தான். இன்னிக்கு அந்தத் தண்ணியக் குடிச்சுட்டா ராத்திரி தூக்கம் வரும்."

"மச்சி..."

"என்ன?"

ரஹ்மத் பீவி மணியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மச்சி. சாப்பிட என்ன வேணும்னு கேக்க வந்தேன்."

ஜாஹிதா சிரித்தாள். "பாத்தியாம்மா உன் மருமகளை? அடுப்படி விட்டு நகராம கெடக்கா. நான் சொன்னேன்ல, என் பேச்சைக் காப்பாத்துவான்னு."

அதைக் கேட்ட பிறகு சுலைகாவுக்கு வாய் வரவில்லை. அவளுக்கு ஜாமீன் நின்றவள் இவள். மாமி திட்டுவதைக் கேட்டுக்கொள்ளலாம், ஆயக்குடி பஸ்ஸிலும் ஏறிக்கொள்ளலாம். ஆனால் இந்த வீட்டில் அவள் பக்கம் பேசுகிற ஒரே வாயை எப்படிப் பொய்யாக்குவது?

இதற்கு ஒரே வழி என்று அவள் மனசு அவளுக்கே ஒரு பாதை போட்டுக்கொடுத்தது. மனசு எப்போதும் இப்படித்தான், கோழைத்தனத்துக்குக் கெட்டிக்காரத்தனம் என்று பேர் வைத்துவிடும். மிச்சமிருக்கும் குப்பியை முதலில் சோதித்துப் பார். தாளில் தடவினால் பச்சையாக வரும். அப்படியானால் துத்தம் இங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். பீங்கானில் இருப்பது வெறும் வெங்காயமும் படிகாரமும்தான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. மஞ்சளாகவே நின்றால் அப்போது சொல்லிக்கொள்ளலாம், அஸருக்குத்தான் இன்னும் நேரம் கிடக்கிறதே!

மத்தியானத்து லுஹர் பாங்குகூட இன்னும் சொல்லவில்லை. அவள் பின்சாய்ப்பில் உட்கார்ந்து ஒரு தாளில் மையைத் தடவினாள்.

தாள் காயவில்லை.

வெயில் காய்கிற ஊரென்றால் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் காய்ந்திருக்கும். கொடைக்கானல் பனியில் துவைத்த துணியே மூன்று நாள் கொடியில் தொங்கும். சுலைகா ஊதிப் பார்த்தாள். முந்தானையால் விசிறிப் பார்த்தாள். கணப்புச் சட்டிக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். புகை ஏறித் தாளே கறுத்துப்போய், பச்சையா மஞ்சளா என்று தெரியவில்லை. அதைக் கசக்கிக் குழியில் எறிந்துவிட்டு இன்னொரு தாளில் தடவினாள்.

"ஏம்மா சுலைகா!" என்று கடைப்பக்கமிருந்து மாமனாரின் குரல். "கூக்கால்லருந்து ஆளுக வந்திருக்காக. வெரசா டீ அனுப்பும்மா!"

டீ போட்டு அனுப்பினாள். கூக்கால்காரர்களுக்குக் கிழங்கு விலையைப் பேசி முடிக்கிற எண்ணமே இல்லை. இரண்டாம் தடவையும் டீ கேட்டார்கள். மாமிக்குச் சோறு வைத்தாள். மச்சிக்குக் கஞ்சி வைத்தாள். "என்னடி, ஒரு இடத்துல நிக்கமாட்டேங்கிறே? காலுல என்ன, எறும்பா ஏறுது?" என்று ரஹ்மத் பீவி கேட்டாள். "குளுருது மாமி" என்றாள்.

மூன்றாவது தாளை அடுப்பின் பக்கவாட்டில், சூடு மட்டும் படுகிற மாதிரி ஒட்டிவைத்தாள். நடுவில் ஈரம், ஓரம் காய்ந்துகொண்டு வந்தது. அந்த ஓரத்தில் ஒரு பச்சைக் கீற்று தெரிந்த மாதிரி இருந்தது. அல்லாவே, அது பச்சையாகவே இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் அது வெளியே நின்ற பட்டர்புரூட் மரத்து இலைகளின் சாயல்.

பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது.

உள்ளே வளையல் சத்தம். கைகால் கழுவி உளூச் செய்கிற தண்ணீர்ச் சத்தம். தொழுகை விரிப்பை உதறுகிற சத்தம். சுலைகா தாளை அடுப்பிலிருந்து பிய்த்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

நல்ல மஞ்சள். சுத்தமான, தெளிவான, ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லாத மஞ்சள். இதுவரை அவள் காய்ச்சியதிலேயே அழகான மஞ்சள் அதுதான். அப்படியானால் துத்தம் பீங்கானில்.

ஓடினாள்.

தொழுகை முடிந்திருந்தது. ரஹ்மத் பீவி அந்த அறையின் அரை இருட்டில் பீங்கானில் பன்னீர் கலந்த தண்ணீரை ஊற்றி, விரலால் எழுத்தைக் கரைத்து, இரண்டு கையாலும் ஏந்தி மகளிடம் கொடுத்தாள். ஜாஹிதா பிஸ்மி சொல்லி உதட்டருகே கொண்டுபோனாள்.

"குடிக்காதீங்க மச்சி!"

சுலைகா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பாதித் தண்ணீர் விரிப்பில் சிந்தியது.

"ஏ! ஓதின தண்ணி!" ரஹ்மத் பீவி அலறிவிட்டாள். "உனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"அது குங்குமப்பூ இல்ல மாமி." சுலைகாவுக்கு மூச்சு வாங்கியது. "நான் காய்ச்சின மை. வெங்காயத் தோலு. சோலையம்மா மாத்தி எடுத்துக் குடுத்திருச்சு, அவ மேல தப்பில்ல. அதுல... அதுல துத்தம் கெடக்கு."

"என்ன துத்தம்?"

"மாமா உருளைக்கிழங்குக்கு அடிக்கிற துத்தம்."

ரஹ்மத் பீவி மகளின் கையிலிருந்த பீங்கானைப் பிடுங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள். தண்ணீர் படாத விளிம்பில், அசரத்து எழுதிய கடைசி எழுத்துகள் காலையிலிருந்து காய்ந்து போயிருந்தன. அவை ஏரிப் பாசி மாதிரி பச்சையாக இருந்தன.

சத்தம் கேட்டு முத்து முகம்மது கடையிலிருந்து வந்து நின்றார். பீங்கானைப் பார்த்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, முற்றத்துக்குப் போய்த் துப்பினார். "துத்தம்தான்" என்றார்.

"வெங்காயச் சருகுலயா, குப்பைக் கூடையில கெடந்ததுலயா அல்லாவோட பேச்சை எழுதவச்சே?" என்று ரஹ்மத் பீவி கத்தினாள். "பாவி மகளே, எம்புள்ள வயித்துல..." முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

ஜாஹிதா அழவில்லை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுலைகாவின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"விடும்மா. நல்ல நேரத்துல வந்துட்டா. தொட்டது தப்புதான். ஆனா தெரிஞ்சதும் ஓடியாந்து சொல்லிட்டாள்ல? அது போதும்."

அந்த இடத்தில் சுலைகா பேசாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவளும் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் ஜாஹிதா, பிடித்த கையை விடாமல், சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

இப்பத்தான் மச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோலையம்மாள் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. சுலைகாவின் நாக்கு நுனிவரை அது வந்தது. மறு கையில் கசங்கிக் கிடந்த மஞ்சள் தாளைப் பார்த்தாள்.

"லுஹருக்கு முன்னாடியே" என்றாள்.

"லுஹருக்கு முன்னாடியேவா?"

"உங்ககிட்ட உக்காந்து பேசினேனே, அப்பவே தெரியும் மச்சி. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒருவேளை இதுல இல்லாம அந்தக் குப்பியில துத்தம் இருந்தா... சொல்லாமலே போயிரலாம்னு, காயவச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஜாஹிதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வைத்தது, சாப்பிட என்ன வேணும் என்று கேட்டது, வயிற்றில் கைவைத்துப் பார்த்தது எல்லாம் அவள் மனசில் ஒவ்வொன்றாக வந்து நிற்பது சுலைகாவுக்குத் தெரிந்தது. மெதுவாக, ஒரு ஆத்திரமும் இல்லாமல், ஜாஹிதா தன் கையை உருவிக்கொண்டாள்.

"அத்தா" என்றாள். "தாண்டிக்குடிக்கு ஜீப்பு இப்பக் கெடைக்குமா?"

"ஜீப்பா?" முத்து முகம்மது திடுக்கிட்டார். "டாக்டரம்மா என்ன சொல்லியிருக்கா? இந்தப் பனியில, அந்த ரோட்டுலயா? உனக்கு என்னம்மா ஆச்சு?"

"அந்த ரோடு எனக்குத் தெரியும்த்தா. எங்கே பள்ளம், எங்கே வளைவு, எங்கே வயித்தைப் பிடிச்சுக்கணும்னு தெரியும். இந்த வீட்டு அடுப்படியில எந்தக் குப்பியில என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது. நான் இனிமே இங்க ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன்."

எழுந்தாள். யாரும் பிடிப்பதற்குள் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.

சுலைகா நின்ற இடத்திலேயே நின்றாள். மாமியார் இப்போது அடிப்பாள், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டச் சொல்லுவாள் என்று காத்திருந்தாள். அதுவாவது நடந்தால் தேவலை என்றிருந்தது.

ரஹ்மத் பீவி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவள் கண் முழுக்க மகள் சாத்திய கதவின் மேல்தான் இருந்தது.

"என்ன மரம் மாதிரி நிக்கிறே? போ" என்றாள். "உன்னைப் பேசுறதுக்கு எனக்கு ஆயுசு கெடக்கு. மொதல்ல எம்புள்ளைய நிறுத்து. நான் சொன்னா கேக்கமாட்டா, அவுக அத்தா சொன்னாலும் கேக்கமாட்டா. நீ கெடுத்தது, நீதான் சரிபண்ணணும்."

சுலைகா கதவருகே போனாள். தட்டினாள்.

"மச்சி."

மறுபடியும் தட்டினாள்.

"மச்சி, நான் ஆயக்குடிக்குப் போயிர்றேன். நீங்க இங்கேயே இருங்க. மச்சி, கேக்குதா?"

உள்ளே தகரப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.